மேட்டில் திணறிய எம்ஜிபி

வண்டி 1970-இல் வந்த எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நாலு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தர இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். ஷெட்டில் நிற்கும்போது குறை சொல்ல இடமே இல்லை. சோக்கை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும், ஐட்லிங் சீராக ஓடும், ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் சட்டென்று ஏறும். சமதளத்திலும் பரவாயில்லை. நீளமான மேடு வந்து, மூன்றாவது கியரில் மிதியை அழுத்திப் பிடித்தால்தான் விவகாரம். முதலில் நன்றாக இழுக்கும். கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறையும், அப்புறம் கார்புரேட்டர் பக்கமிருந்து தும்மல் கேட்கும். காலைத் தளர்த்தி மெதுவாகப் போனால் தானாகவே தெளிந்துவிடும்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: கார்புரேட்டர். பழைய வண்டியில் எந்தப் பழியும் முதலில் அதன் தலையில்தான் விழும். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது, திருக நட் இருக்கிறது, திருகினால் சத்தமும் மாறுகிறது. பிறகென்ன, ஆளாளுக்குத் திருகுகிறார்கள். என் வழக்கத்தில் கார்புரேட்டர் கடைசி. டாப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்) மூன்றும் ஒழுங்கில்லாத எஞ்சினில் மிக்ஸ்சரை, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையை, திருத்தினால், ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடி வைத்ததாகத்தான் ஆகும். அடுத்த முறை பாயிண்ட் மாற்றும்போது இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். இருட்டிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு போனால் திணறல் சீக்கிரமே தொடங்குகிறது. இரவில் காற்று குளிர்ச்சி, சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்ற சந்தேகத்துக்கு இது நேர் எதிர். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

டாப்பெட்டில் ஆரம்பித்தேன். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இடைவெளி 0.38 மிமீ. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, நாலாவது கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். எட்டு வால்வுக்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு: கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம். ஏழுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு, அப்படியே தலைகீழாகவும். முன்பக்கமிருந்து எண்ணிக்கொண்டு போனால் எந்தப் புத்தகமும் தேவையில்லை. இரண்டு வால்வு இறுக்கமாக இருந்தன, மற்றவை சரி. பழைய ராக்கர் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். ராக்கரின் மூக்கு வால்வு தண்டின் மேல் பட்டுப் பட்டுச் சிறு குழி விழுந்திருக்கும். ஃபீலர் கேஜின் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போட்டது போல நிற்பதால், கேஜ் 0.38 என்று சொன்னாலும் உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். டாப்பெட் சத்தம் எவ்வளவு சரிசெய்தாலும் போகவில்லை என்பவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.

அடுத்து, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்டின் ஒரு முகத்தில் சின்ன மேடு, எதிர் முகத்தில் அதே அளவு பள்ளம். அதை அரத்தால் தேய்த்து ஒப்பேற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, புதுசு போட்டேன். இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மிமீ வரை இருக்கலாம். கேமில் உரசும் ஃபைபர் நாளாக ஆகத் தேய்ந்து இடைவெளி குறையும் என்பதால் 0.40-இல் வைத்தேன். பாயிண்ட் தீய்ந்துபோகாமல் காக்கும் கண்டென்சரை மட்டும் மாற்றவில்லை. ஒழுங்காக வேலை செய்யும் பழைய கண்டென்சரை எடுத்துவிட்டு இப்போது வரும் புதியதைப் போடுவது எனக்குப் பிடிக்காத காரியம். புதிது சூடானதும் கைவிட்ட கதைகள் நிறைய. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றிப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டார் கையும் அப்படித்தான். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவு ரகத்தில், ரிவெட்டின் அடிமுனைக்கும் கீழே உள்ள தண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் மெல்லியதாக இருக்கும். அதைத் துளைத்துக்கொண்டு பொறி தண்டுக்குத் தாவிவிடும். ரிவெட் இல்லாத ரகமாகப் பார்த்துப் போடுவது நல்லது.

டைமிங்குக்கு ஸ்ட்ரோப் விளக்கு இல்லாவிட்டாலும் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போதும். பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான வண்டியின் உலோக உடல்) நடுவே பல்பை மாட்டி, இக்னிஷன் சாவியைப் போட வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும் வரை பல்பு எரியாது, திறந்த கணத்தில் எரியும். எஞ்சின் புல்லியின் வெட்டு 10 டிகிரி குறிக்கு நேராக வரும்படி நிறுத்திவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பி, பல்பு எரிகிற இடத்தில் இறுக்கினால் முடிந்தது. என் வண்டியில் குறி ஏறக்குறைய சரியாகவே இருந்தது. சுமைக்கேற்ப டைமிங்கை மாற்றும் வேக்யூம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். உள்ளே பாயிண்ட் தட்டு நகர்ந்தது, உறிஞ்சிப் பிடித்தபோது அப்படியே நின்றது. டயாஃப்ரம் கிழியவில்லை.

மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஐட்லிங் முன்னைவிட மென்மை, கீழ் வேகத்தில் இழுவை நன்றாகவே கூடியிருந்தது. திணறல் மட்டும் அதே இடத்தில், அதே மாதிரி. ஆனால் இப்போது இக்னிஷன் பக்கத்தை மனசிலிருந்து அடித்துவிட முடிந்தது. மிச்சம் இருப்பது பெட்ரோல்.

இந்தக் கோளாறின் குணமே அதைத்தான் சொல்கிறது. கார்புரேட்டர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மிதவைக் கிண்ணம் இருக்கிறது. பம்பு அதை நிரப்ப, ஜெட் என்ற சின்னத் துளை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஷெட்டில் நின்று எவ்வளவு உறுமினாலும் எஞ்சினுக்குச் சுமை இல்லை, அதனால் குடிப்பதும் கொஞ்சம்தான். கிண்ணத்தில் இருப்பதே போதும். மேட்டில் த்ராட்டில் முழுக்கத் திறந்து நின்றால் வரவைவிடச் செலவு அதிகம். மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்க, கீழே குழாயை முழுதாகத் திறந்துவிட்ட மாதிரி. கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க மிக்ஸ்சரில் பெட்ரோல் குறைந்து தும்மல் வரும். காலை எடுத்தால் கிண்ணம் மறுபடி நிரம்பி எல்லாம் சரியாகிவிடும். முதலில் நன்றாக இழுத்துவிட்டு அப்புறம் திணறுவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மிக்ஸ்சர் நட்டைத் திருகி இதைச் சரிசெய்யவும் முடியாது, கிண்ணத்தில் இருந்தால்தானே ஜெட்டுக்கு வரும்.

டாங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே குணம்தான் காட்டும். திணறிய உடனே ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தேன், உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் எதுவும் இல்லை. மூடி நிரபராதி.

பம்புக்குப் போனேன். எம்ஜிபியில் எஸ்யூ மின்சார பம்பு பின் ஆக்ஸில் பக்கத்தில், வலது சக்கரத்துக்கு அருகே இருக்கிறது. சாவியைப் போட்டதும் டிக்டிக்கென்று வேகமாக அடித்து, கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிடும். டிக் சத்தம் கேட்கிறது, ஆகவே பம்பு நன்றாக இருக்கிறது என்று பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். சத்தம் பம்பு அடிக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு தருகிறது என்று சொல்லாது. அளந்தால்தான் தெரியும்.

அளக்கும் முன் பெட்ரோல் பற்றிய எச்சரிக்கை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், குண்டு பல்பு போட்ட கைவிளக்கு பக்கத்திலேயே வரக் கூடாது. காயிலுக்கு வரும் வெள்ளை ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றினேன். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு வைத்தால் காயில் வீணாகச் சூடாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, அளவு போட்ட உலோகக் குவளைக்குள் விட்டு, சாவியைப் போட்டேன். இந்த ரகப் பம்பு நல்ல நிலையில் இருந்தால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தள்ளும். எனக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. டிக் சத்தமும் சோம்பலாக, இழுத்து இழுத்து வந்தது.

பம்பு போய்விட்டது, புதுசு வாங்கு என்று இங்கே முடித்திருக்கலாம். ஆனால் இரவுத் திணறல் ஞாபகம் வந்தது. குவளையில் பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிங் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். டிக் சத்தம் இன்னும் மெதுவானது. பின்னால் போய்ப் பார்த்தால், நம்பர் பிளேட் விளக்கு பம்பின் டிக்குக்குச் சரியாகத் தாளம் போட்டுக்கொண்டு மங்கி மங்கி எரிகிறது. அந்த விளக்கைப் பார்த்த பிறகு மீட்டரே வேண்டியதில்லை என்று தோன்றியது. பம்பும் பின் விளக்குகளும் ஒரே எர்த்தில் நிற்கின்றன, அந்த எர்த் மின்சாரத்தை முழுதாகத் திரும்ப விடவில்லை. பம்பு ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் விளக்கின் பங்கில் கை வைக்கிறது. விளக்கு எரிந்தால் பம்பின் பங்கு குறைகிறது.

ஆனாலும் மீட்டர் வைத்துத்தான் பார்த்தேன். இந்த மாதிரிக் கோளாறுக்கு ஓம் அளவு பிரயோசனமில்லை. மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகக் குறைவு. நாலு இழை மட்டும் மிஞ்சிய ஒயர்கூட அதற்கு நல்ல ஒயராகத் தெரியும். பம்பு ஓடும்போதே வோல்ட் எங்கே காணாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையைப் பம்புக்கு வரும் வெள்ளை ஒயரில் வைத்தால் வரும் வழியில் தொலைவது தெரியும். எனக்கு அரை வோல்ட்டுக்குள் இருந்தது. அதே போலப் பம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே வைத்தால் திரும்பும் வழி தெரியும். அங்கே இரண்டு வோல்ட்டுக்கு மேல். பம்பு விட்டு விட்டு இழுப்பதால் டிஜிட்டல் மீட்டரில் எண் நிலையில்லாமல் ஓடும். பழைய முள் மீட்டர் இருந்தால் இந்த வேலைக்கு அதுதான் தோது.

பேட்டரியின் நெகட்டிவ் எர்த்தாக இருப்பது 1967 கடைசியில் வந்த மார்க் 2 மாடலிலிருந்துதான். அதற்கு முந்தைய எம்ஜிபிகளில் பாசிட்டிவ்தான் எர்த். வண்டியை யாராவது இடையில் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் பேட்டரியைக் கண்ணால் பார்த்துவிட்டு மீட்டரை எடுக்கவும். பேட்டரியும் சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். அவற்றை இணைக்கும் கேபிளின் முனைகளில் பூஞ்சணம் பூத்திருந்தாலும் வண்டி முழுக்க வோல்ட் குறையும். என்னுடையதில் அவை சுத்தம்.

எர்த்தைத் தேடிப் பிடிப்பது சுலபம். இந்த வண்டியில் இருக்கும் லூக்காஸ் கம்பெனி வயரிங்கில் நிறத்துக்கு ஒழுங்கான அர்த்தம் உண்டு. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் உயிரோடு இருக்கும். வெள்ளை சாவி போட்டதும் உயிர் பெறும், பச்சை அதே லைன் ஃப்யூஸைத் தாண்டிய பிறகு. ஊதா ஃப்யூஸ் வழியாக எப்போதும் உயிர். சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலம் ஹெட்லைட். கருப்பு எர்த். இதை மனப்பாடம் செய்துகொண்டால் இந்த வண்டியின் பாதி மின்சாரக் கோளாறை டிக்கிக்குள் தலையை விட்டபடியே படித்துவிடலாம். பம்பின் கருப்பு ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். விளக்குகளின் கருப்பு ஒயர்களோடு சேர்ந்து, பின்பக்கத் தகட்டில் ஒரு போல்ட்டில் முடிந்தது.

போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் ரிங் டெர்மினலுக்கு அடியில் பளபளவென்று பெயின்ட். எப்போதோ பின்பக்கத் தகட்டுக்குச் சாயம் பூசியபோது போல்ட்டை அதன் மேலேயே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அதனால் இத்தனை காலம் மின்சாரம் போனது போல்ட்டின் மரை வழியாக மட்டும். மரையில் துரு ஏற ஏற அந்த வழியும் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. வாஷரின் பற்கள் பட்ட இடத்தில் மட்டும் பெயின்ட்டில் சின்னச் சின்னக் கீறல். அதில் ஒன்றிரண்டுதான் தகடு வரை போயிருந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, டெர்மினல் உட்காரும் அளவுக்கு மட்டும் உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்ற தகடு தெரியும்வரை கொண்டுவந்தேன். போல்ட்டின் துளைக்கு மரை ஓட்டினேன். ரிங் டெர்மினலில் ஒயர் நுழையும் இடத்தில் செம்பு பச்சையாகியிருந்தது, அதனால் அந்தத் துண்டை வெட்டி எறிந்து, புதுச் செம்பு தெரியும்வரை உறையை உரித்து, புதிய டெர்மினலை அழுத்திப் பிடித்து ஈயமும் வைத்தேன். புதிய பல் வாஷர், புதிய போல்ட். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். இறுக்குவதற்கு முன்னால் பூசாமல் பின்னால் பூசுவது என் பழக்கம். உலோகம் உலோகத்தைப் பார்த்து உட்கார்ந்த பிறகு ஈரம் போகாமல் மூடினால் போதும்.

மறுபடி குவளைச் சோதனை. பம்பு தையல் மெஷின் வேகத்தில் அடித்தது, நிமிடத்துக்கு ஒரு லிட்டரைத் தாண்டி வந்தது. எர்த் பக்கம் தொலைந்த வோல்ட் 0.1-க்குப் பக்கத்தில். பார்க்கிங் விளக்கைப் போட்டாலும் டிக் மாறவில்லை, நம்பர் பிளேட் விளக்கும் அசையாமல் எரிந்தது. இதே மேட்டில், அதே மூன்றாவது கியரில், உச்சி வரை மிதியை எடுக்காமல் ஏறினேன்.

இவ்வளவு ஆன பிறகுதான் கார்புரேட்டர். எஸ்யூ எனக்கு ரொம்பப் பிடித்த அமைப்பு. காற்று இழுக்கும் அளவுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலே எழும், அதோடு சேர்ந்து கூம்பு ஊசி ஜெட்டுக்குள் ஏறி இறங்கும், அவ்வளவுதான் வேலை. முதலில் இரண்டு கார்புரேட்டர்களும் சம அளவு காற்று இழுக்கிறதா என்று ஒரு ரப்பர் குழாயை வாய்ப்பக்கம் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன். முன்னதும் பின்னதும் ஒரே இரைச்சல் வரும்வரை த்ராட்டில் திருகைச் சரிசெய்தேன். பிறகு மிக்ஸ்சர். கார்புரேட்டரின் கீழே இருக்கும் தூக்குக் குச்சியால் பிஸ்டனை ஒரு மிமீகூட வராத அளவு தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். விழுந்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. இரண்டிலுமே பெட்ரோல் அதிகமாக இருந்தது. மேட்டுத் திணறலுக்கு மருந்தாக யாரோ முன்பு ஜெட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். நட்டை ஒரு முறைக்கு ஒரு பட்டை மட்டும் மேலே ஏற்றி, ஒவ்வொரு தடவையும் எஞ்சினை ஒரு முறை உறுமவிட்டுப் பார்த்துப் பார்த்து முடித்தேன். பிளக்கில் இருந்த கரி ஒரு நீளமான ஓட்டத்துக்குப் பிறகு பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது.

கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகி எடுத்து, பிஸ்டன் ஏறி இறங்கும் டாஷ்பாட்டில் எஸ்ஏஇ 20 எண்ணெயும் விட்டேன். மூடியோடு வரும் டாம்பரை (பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் தண்டு) திரும்பச் செருகும்போது, மரை பிடிக்க இன்னும் கால் அங்குலம் இருக்கையிலேயே கையில் தடை தெரிந்தால் அளவு சரி. டாஷ்பாட்டைக் கழற்றுவதாக இருந்தால் முன்னது பின்னது மாறாமல் குறித்து வைக்கவும். பிஸ்டனும் அதன் டாஷ்பாட்டும் ஜோடியாகச் செய்தவை, மாற்றினால் உரசும்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே சில்லறை வேலைகளும் ஆயின. பெட்ரோல் ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்ததில் வெடிப்பு தெரிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, ஆர்9 என்று அச்சிட்ட குழாயாக எல்லாவற்றையும் மாற்றினேன். முன் சக்கரத்துக்கு மூன்று வீதம் இருக்கும் கிங்பின் நிப்பிள்களில் (சக்கரம் திரும்பும் அச்சுக்குக் கிரீஸ் ஏற்றும் முனைகள்), சக்கரத்தைத் தூக்கிவைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் கன்னால் அடித்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்பேனர் விஷயத்தில் ஒன்று உண்டு. இந்த வண்டி அங்குல நட். 13 மிமீ ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்காரும், ஆனால் அரை அங்குலம் 12.7 மிமீதான். துருப்பிடித்த நட்டின் மூலையைத் தின்பது அந்த 0.3 மிமீ. அங்குல ஸ்பேனர் செட் ஒன்று இல்லாமல் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

பாக்கி இரண்டு. ஒரு கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டை விரலால் மேலும் கீழும் அழுத்தினால் ஐட்லிங் லேசாக மாறுகிறது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து அந்த வழியாகக் காற்று போகிறது. அதைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, புதுப் புஷ் போட வேண்டும். டிக்கியில் மிச்சம் இருக்கும் புல்லட் கனெக்டர்களையும் (ஒயர்களை இணைக்கும் முனைகள்) ஒவ்வொன்றாக இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், வலது பிரேக் விளக்கு இப்போதே கொஞ்சம் மங்கலாகத்தான் எரிகிறது.